ஏழு விரலும் ஒரு கையெழுத்தும்

வாகான் என்ற கடற்கரை ஊரின் சுகாதார நிலையத்தில் கழுவிப் பெருக்குகிற ஐந்து பெண்களுக்கும் இப்போது வருடத்துக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் உண்டு. முழங்கை வரை வரும் தடித்த கையுறை உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைக்கும்போது கட்டிக்கொள்ள முகமூடி உண்டு. வார்டுக்குப் பின்னால் கால் கழுவ ஒரு குழாய் உண்டு, அதில் தண்ணீரும் வருகிறது. ஊழியர் பட்டியலில் முன்பு ‘துப்புரவு – 3’ என்று ஓர் எண் மட்டும் இருந்த இடத்தில் இப்போது பெயர்கள் இருக்கின்றன.

இவ்வளவையும் வாங்கியவள் தபீத்தா கேடிசா. பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவள். பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தின் தரையையே மாதக்கணக்கில் கழுவியவள்.

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்திருக்கிறார்கள். பணம் தந்த சங்கத்தின் பெயர், திறந்துவைத்த அதிகாரியின் பெயர், அவருடைய பட்டம், நாள், மாதம், வருடம் எல்லாம் அதில் இருக்கின்றன. தபீத்தாவின் அண்ணன் நாகூம் அதை எழுத்து எழுத்தாக மூன்று முறை படித்திருக்கிறான். பிழை எதுவும் இல்லை. தங்கையின் பெயரும் இல்லை. அவள் தினமும் அந்தப் பலகைக்குக் கீழே இடது காலைச் சாய்த்து வைத்து, மிச்சமிருக்கும் இரண்டு விரல்களையும் கழுவுகிறாள்.

நாகூம் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். அப்பா கேடிசாவின் கொப்பரைக் காசு ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. யாரை அனுப்புவது என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. நாகூம் ஆறாம் வகுப்பு வரை போனான். தபீத்தா விறகு சுமந்தாள். ஆறு வருடப் படிப்பில் நாகூமுக்கு நிலைத்தது ஒரு பழக்கம்தான்: நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுவது. மழை பெய்தது, படகு வந்தது, கோகோ மரத்தில் கறுப்பு நோய் கண்டது, யாருக்குப் பிள்ளை பிறந்தது என எல்லாமே அதில் இருக்கும். ஊரில் வயதுச் சண்டை வந்தால் நாகூமின் நோட்டைத்தான் கேட்பார்கள்.

தபீத்தாவின் புருஷன் ரபவுல் என்ற தூரத்து ஊருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அவன் போன தேதியும் நோட்டில் இருக்கிறது. அதன் பிறகு அவள் சுகாதார நிலையத்தில் துடைப்பத்தைப் பிடித்தாள். பதினொரு வருடம் தற்காலிகம். பதினொரு வருடமும் வெறுங்கால்.

2009 செப்டம்பரில் காலரா படகில் வந்து இறங்கியது. முதலில் மூன்று பேர். அடுத்த வாரம் நாற்பது. பள்ளிக்கூடக் கொட்டகையை வார்டாக மாற்றினார்கள். கேன்வாஸ் கட்டில்களின் நடுவில் ஓட்டை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வாளி வைத்தார்கள். நோயாளிக்கு சலைன் ஏற்றுவது நர்ஸின் வேலை. அந்த வாளியைத் தூக்கி, பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி, குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவித் திரும்ப வைப்பது தபீத்தாவின் வேலை. மூன்று பெண்கள், நாற்பது வாளிகள். நோயாளிகள் வாளியைத் தவறவிடும்போது தரையும் சேர்ந்துகொள்ளும்.

லாயே நகரத்திலிருந்து படகில் சாமான் வந்தது. நர்ஸ்களுக்கு வெள்ளை பூட்ஸ், கவுன், கையுறை. படகு ஓட்டியவனுக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் கிடைத்தது. இந்தப் பெண்களுக்கு ஒன்றும் இல்லை. ஸ்டோர் சாவி மாலும் என்பவனிடம் இருந்தது.

“லிஸ்ட்ல ஹெல்த் ஸ்டாஃப்னு போட்டிருக்கு. நீங்க கேஷுவல்” என்றான் அவன்.

மறுநாள் காலை தபீத்தா நிரம்பிய வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு குழிப் பக்கம் போகாமல் ஸ்டோர் பக்கம் போனாள். வாசற்படியில் வாளியை வைத்து, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாக்கைக் கடித்தாள்.

மாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டினான். “ஏய், என்ன பண்ற நீ? எடு அதை!”

“எடுக்கறேன். இது உள்ள வரட்டுமா, பூட்ஸ் வெளிய வருதா?”

“திமிரப் பாரு. சிஸ்டரக் கூப்பிடவா?”

“கூப்பிடு. அவங்கதான் எந்தக் கட்டில் வாளின்னு பாத்துச் சொல்வாங்க. எனக்கு எல்லாம் ஒரே வாடையாத்தான் இருக்கு.”

வார்டு நர்ஸ் சிஸ்டர் வெரோ வந்தாள். வேறொரு தீவிலிருந்து வந்த கறுத்த, நெடிய பெண். மூன்று நாளாகத் தூங்காதவள். வாளியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். “மாலும், குடுத்துரு. இவங்க மூணு பேரும் வீட்டுக்குப் போயிட்டா நாளைக்கு அந்த வாளிய நீதான் தூக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூன்று ஜோடி வெள்ளை பூட்ஸ் வெளியே வந்தன. மாலும் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே ஒரு வரி எழுதி, மை டப்பாவை நீட்டினான். பெருவிரலை எங்கே வைப்பது என்று தபீத்தா கேட்டாள். “அடில வை, அப்பதான் மேல அழுக்காகாது” என்றான். மூவரும் அவரவர் பக்கத்தின் அடியில் வைத்தார்கள். வரிக்கும் ரேகைக்கும் நடுவே ஒரு சாண் வெள்ளைத் தாள் கிடந்தது. பூட்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் அந்தச் சாண் இடத்தை யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே செய்தி நாகூமுக்குப் போனது. செப்டம்பர் 21, திங்கள்: ‘தபீத்தா ஸ்டோர் வாசலில் வாளி வைத்து மூன்று ஜோடி பூட்ஸ் வாங்கினாள்.’ அதற்குக் கீழே கோடு போட்டான். கோடு போட்டது பெருமையில்.

ஊருக்கு அந்தப் பெருமை இல்லை. வார்டில் வேலை செய்கிறவள் காலராவைத் துணியில் முடிந்து கொண்டுவருகிறாள் என்று பேச்சு. அவள் பங்குக் கிழங்கைப் பாதையோரத்து மரத்தடியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். அவள் தொட்ட தேங்காயைச் சந்தையில் வாங்கமாட்டார்கள். அவள் நிலையத்தின் பின்கட்டிலேயே தங்கிவிட்டாள். நாகூம் மட்டும் ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கிழங்கும் ஒரு டின் மீனும் எடுத்துக்கொண்டு போனான். ஊர் பார்க்கட்டும் என்றே பாதையின் நடுவில் நடந்து போனான்.

அக்டோபர் 4, ஞாயிறு. தபீத்தா பூட்ஸைக் கழுவி, இரண்டு குச்சிகளில் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைத்திருந்தாள். வெயிலில் பால் போல இருந்தன. நாகூமின் கோகோத் தோட்டம் ஆற்றோரச் சதுப்பில் இருக்கிறது. அந்த வருடம் மழை நிற்கவில்லை. விரலிடுக்கெல்லாம் அவனுக்குச் சேற்றுப்புண்.

“நல்ல பூட்ஸ், தங்கச்சி” என்றான்.

அந்தக் கரையில் ஒருவர் பொருளைப் பார்த்து நல்லது என்று சொன்னால் அது புகழ்ச்சி இல்லை. கேட்பது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதிலும் அண்ணன் வாயால் வந்துவிட்டால் கொடுக்காமல் இருக்கிற தங்கை அந்தக் குலத்தில் இல்லை. நாகூம் அதை அறியாமல் சொன்னான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தபீத்தா கிழங்கை மென்று முடித்தாள். பிறகு எழுந்துபோய் பூட்ஸை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“போட்டுப் பாருண்ணே. எனக்குப் பெருசு. உள்ள துணி சுருட்டி வச்சுத்தான் நடக்கேன்.”

“உனக்கு?”

“அடுத்த படகுல வருமாம். இன்னொரு ஜோடி வாங்கிக்கறேன். வாளி இருக்குல்ல!” என்று சிரித்தாள்.

அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நோட்டில் அன்று அவன் எழுதியது: ‘தபீத்தா பூட்ஸ் கொடுத்தாள்.’ தேதி சரி, எழுத்து சரி. தான் கேட்டதை மட்டும் எழுதவில்லை.

அடுத்த படகு வந்தது. பூட்ஸும் வந்தது. ஸ்டோருக்குள் போன பூட்ஸ் வார்டுப் பக்கம் வரவில்லை. கரையோரக் கடைகளில் அந்த மாதம் வெள்ளை பூட்ஸ் தொங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. சாட்சி சொல்ல வந்தவர்கள் இல்லை. “வரல, போ” என்றே மாலும் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொரு வாளியைத் தூக்கிப்போக அவளுக்கு நேரமில்லை. கட்டில்கள் அறுபதைத் தாண்டிவிட்டன.

பிளீச்சிங் தண்ணீர் கிருமியைக் கொல்லும். கிருமி எது, கால் எது என்று அதற்குத் தெரியாது. முதலில் குதிகால் வெளுத்தது. பிறகு விரலிடுக்கு வெடித்தது. சிஸ்டர் வெரோ சலைன் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பைகளை அவள் காலில் கட்டிவிட்டாள். ஈரத் தரையில் அது வழுக்கியது. இரண்டாம் நாள் கையில் நிரம்பிய வாளியோடு விழுந்தாள். அதோடு பையை அவிழ்த்தெறிந்துவிட்டாள். ஞாயிறன்று நாகூம் வரும்போது காலைப் பாவாடைக்குள் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பூட்ஸோடு வந்தான்.

இடது கால் கறுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மோட்டார் படகில் லாயேக்குக் கொண்டுபோனார்கள். நவம்பர் 9, திங்கட்கிழமை மூன்று விரல்களை எடுத்தார்கள். பதினாறு நாள் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நாகூம் படுத்துக்கொண்டான். வெறுங்காலோடு இருந்தான். மயக்கம் தெளிந்ததும் முதலில் அவள் கண் அவன் காலுக்குத்தான் போனது.

“பூட்ஸ் எங்கண்ணே?”

“வீட்ல.”

“நல்லா கழுவி வையி. நான் வந்து போட்டுக்கணும்.”

டிசம்பரில் திரும்பி வந்தார்கள். காலரா அடங்கியிருந்தது. கூட்டம் போட்டு நன்றி சொன்னார்கள். காயம்பட்ட ஊழியர்களுக்கு உதவித்தொகை என்று அறிவித்தார்கள். சிஸ்டர் வெரோ தபீத்தாவுக்காக மனு எழுதி அனுப்பினாள். பணம் வரவில்லை, நோட்டீஸ் வந்தது. பதிவேட்டின்படி தபீத்தா மூன்று ஜோடி பூட்ஸும் ஆறு ஜோடி கையுறையும் வாங்கியிருக்கிறாள். வாங்கியதை வெளியே விற்றிருக்கிறாள். விற்றதில் ஒன்றை அவள் அண்ணனே சந்தையில் போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை வேலை கிடையாது.

மரத்தடியில் கிழங்கை வைத்துவிட்டு ஓடிய ஊர், இப்போது திருடி என்றது. இதைச் சொல்ல மட்டும் பக்கத்தில் வந்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் சிஸ்டர் வெரோ இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: “நல்லாக் கேட்டுக்கங்க. பூட்ஸ அண்ணனுக்குக் குடுத்தேன்னு சொன்னா திருட்டுப் பட்டம் போயிரும். ஆனா பாதுகாப்புச் சாமானை வெளியாளுக்குக் குடுத்தா, அப்புறம் படற காயத்துக்கு நிலையம் பொறுப்பில்லன்னு ஒரு விதி இருக்கு. பணம் போயிரும்.”

“ஆத்துல போச்சுன்னு சொல்லிரலாம். நான் சத்தியம் பண்றேன்” என்றான் நாகூம்.

தபீத்தா அவனைப் பார்த்தாள். “உன் நோட்டுல என்ன எழுதியிருக்கு?”

“குடுத்தாள்னு.”

“அப்ப அதைத்தான் சொல்லணும். பொய் சொன்னவன் நோட்ட எவன் நம்புவான்? எனக்குப் பேர் வேணும்ணே. விரல்தான் போச்சு. பேரும் போயிட்டா நான் எத வச்சிக்கிட்டு நடக்கறது?”

2010 பிப்ரவரி 23, செவ்வாய்க்கிழமை. விசாரணை அதிகாரி மலைநாட்டுக்காரர். கனத்த, பொறுமையான மனிதர். மாலும் பதிவேட்டை விரித்து வைத்தான். பக்கத்தின் அடியில் தபீத்தாவின் பெருவிரல். மேலே இப்போது நான்கு வரிகள். அந்த ஒரு சாண் வெள்ளைத் தாள் நிரம்பியிருந்தது.

“எழுதப் படிக்கத் தெரியாதவங்க சார். எதுக்கு விரல் வச்சோம்னே ஞாபகம் இருக்காது” என்றான் மாலும், இரக்கப்படுகிறவன் போல.

“விரல் வச்சது ஞாபகம் இருக்கு” என்றாள் தபீத்தா. “மூணு விரல் எங்க போச்சுன்னும் ஞாபகம் இருக்கு.”

நாகூம் எழுந்து நோட்டைப் பிரித்தான். “சார், இந்த மூணாவது ஜோடி நவம்பர் பன்னெண்டுன்னு எழுதியிருக்கு. நவம்பர் ஒம்போது இவளுக்கு லாயேல விரல் எடுத்தாங்க. பன்னெண்டாந் தேதி காய்ச்சல் நூத்திரெண்டு, கஞ்சி பாதிதான் குடிச்சா. எழுதியிருக்கேன். ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கு. அன்னிக்கு இவ இங்க வந்து விரல் வைக்கணும்னா கடல்ல நீந்தித்தான் வந்திருக்கணும். ஒத்தக் கால்ல.”

யாரோ சிரித்தார்கள். மாலும் சிரிக்கவில்லை. அதிகாரி சீட்டைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், நெடுநேரம் மூக்கால் மூச்சு விட்டார்.

“சரி. முதல் ஜோடி?”

“அது என்கிட்ட இருக்கு சார்.”

“அவங்களா குடுத்தாங்களா, நீங்க கேட்டீங்களா?”

நாகூமின் நோட்டில் அதற்குப் பதில் இருந்தது. அந்தப் பதிலைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவன் நோட்டை மூடினான்.

“நல்ல பூட்ஸ்னு சொன்னேன் சார்.”

கரைக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற கிழவர் ஒருவர் வெட்கத்தில் காறித் துப்பினார்.

“சொன்னீங்க, சரி. கேட்டீங்களா?” என்றார் மலைநாட்டு அதிகாரி.

“சொன்னேன் சார். எங்க ஊர்ல அதுக்கு மேல கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அதிகாரி காகிதத்தில் எழுதினார்: தானாக முன்வந்து கொடுத்தார்.

உத்தரவு இரண்டு மாதம் கழித்து வந்தது. தபீத்தா திருடவில்லை. அதனால் வேலைக்குத் திரும்பலாம். பாதுகாப்புச் சாமானைத் தானாக வெளியாளுக்குக் கொடுத்தாள். அதனால் விரல்களுக்குத் தொகை இல்லை. துப்புரவுப் பெண்களும் சுகாதார ஊழியர்கள்தான் என்பது இந்த விசாரணையில் தெரியவந்துள்ளது. அதனால் இனிமேல் அவர்களுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ், கையுறை, முகமூடி, குழாய், பட்டியலில் பெயர். மாலும் பொறுப்பில் தவறினார். அதனால் மாற்றம். மாற்றிய இடம் நகரத்து ஸ்டோர், இதைவிட நான்கு மடங்கு பெரியது. சிஸ்டர் வெரோவுக்கும் மாற்றம் வந்தது. படகே போகாத ஒரு தீவுக்கு.

கடைசியில் ஒரு வரி. மோசடியைத் தடுக்க, இனி பெருவிரல் ரேகை செல்லாது. கையெழுத்துப் போடத் தெரியாதவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

நாகூம் அதை மூன்று முறை படித்துக் காட்டினான். மூன்றாம் முறை தபீத்தா சிரித்தாள். “பூட்ஸத் திருடினது அவன் கை. தண்டனை என் விரலுக்கா?”

“நான் கையைப் பிடிச்சு எழுதவைக்கறேன், வா. பத்து நாள்ல வந்துரும்” என்றான் அவன். அப்பாவின் கொப்பரைக் காசு தன் ஒருவனுக்குத்தான் போனது என்பது அப்போது அவனை உறுத்தியது.

“வேணாம்ணே. உன்கிட்டக் காலக் குடுத்தது போதும். கையை நானே பாத்துக்கறேன்.”

சொன்னதில் கோபம் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சிஸ்டர் வெரோ போகுமுன் வார்டுக் கதவில் ஒட்டியிருந்த பழைய வேலைப்பட்டியலை உரித்துத் தபீத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். காலரா நாட்களில் வெரோ மட்டும் எண் போடாமல் மூன்று பெண்களின் பெயரையும் அதில் எழுதுவாள். இரண்டாவது வரி தன் பெயர் என்று தபீத்தாவுக்குத் தெரியும். மே, ஜூன், ஜூலை என மூன்று மாதம் பட்டியலில் பெயர் இல்லாமல், கூலி இல்லாமல், யாரும் கேட்காமலே வார்டைக் கழுவினாள். கழுவிய ஈரத் தரையில் துடைப்பக் குச்சியால் அந்த இரண்டாவது வரியைப் பார்த்துப் பார்த்துப் போடுவாள். காய்ந்ததும் போய்விடும். மறுபடியும் போடுவாள். ஞாயிறுகளில் நாகூம் கிழங்கோடு போய்த் தூரத்தில் நின்று பார்ப்பான். ஓர் எழுத்தைத் திருப்பிப் போடுவாள். சொல்ல வாய் வரும், மூடிக்கொள்வான். மூன்றாவது வாரம் அவளே சரிசெய்துகொண்டாள்.

ஆகஸ்டில் சாமான் வந்தது. புதிய ஸ்டோர்க்காரன் இளவயது, மரியாதையானவன். பதிவேட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினான்.

“முதல்ல பூட்ஸ மேஜை மேல வையி தம்பி” என்றாள் தபீத்தா.

வைத்தான். இரண்டு ஜோடி. உட்கார்ந்து காலில் போட்டுப் பார்த்தாள். வலது கால் சரியாக நுழைந்தது. இடது பூட்ஸின் முனையில் காலி இடம் இருந்தது. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துச் சுருட்டி அங்கே வைத்தாள். இந்த முறை பூட்ஸ் பெரிதில்லை. எழுந்து நான்கடி நடந்து திரும்பி வந்தாள்.

“இப்ப என்ன எழுதியிருக்க, படி.”

“ஆகஸ்ட் பதினேழு, வெள்ளை பூட்ஸ், ரெண்டு ஜோடி.”

“அதுக்கு அடில எவ்வளவு எடம் இருக்கு?”

“இருக்கு அக்கா, பக்கம் பூரா காலிதான்.”

“அந்தக் காலி எடத்துல மேலருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு போடு.”

அவன் விழித்தான். வாசலில் நின்ற நாகூமைப் பார்த்தான். நாகூம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக் கூரையில் அந்தப் பழைய ஜோடி ஒன்பது மாதமாகத் தொங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அதைக் கேட்கவும் இல்லை, அவன் கொண்டுவந்து கொடுக்கவும் இல்லை. அதைப் பார்த்து நல்லது என்று இனி யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஸ்டோர்க்காரன் கோடு போட்டான். தபீத்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வரியை ஒட்டி, இடம் விடாமல், துடைப்பத்தைப் பிடிப்பது போலப் பேனாவைப் பிடித்து எழுதினாள். நாகூம் அன்றைய நோட்டில் வேறெதையும் எழுதவில்லை, தேதியைத் தவிர.

2010 ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை.